பெட்டா மீன் அடியிலேயே கிடக்கிறது, உதவுங்கள்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஒன்றரை வருடமாக வளர்க்கும் ஆண் பெட்டா, பத்து நாளாகத் தொட்டியின் அடியிலேயே கிடக்கிறான். விரலைக் காட்டினாலே செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்து வருவான். இப்போது மூச்சு வாங்க மட்டும் மேலே போகிறான். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

15 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், காவிரித் தண்ணீர். ஹீட்டர் இல்லை. குளிர் ஆரம்பித்ததிலிருந்து காலையில் தண்ணீர் 20 டிகிரிதான். 24-க்குக் குறையக் கூடாது என்று தெரியும், ஆனால் போன டிசம்பரில் நன்றாகத்தான் இருந்தான். குளோரின் நீக்கிய தண்ணீரை இரண்டு முறை கால் பங்கு மாற்றினேன், இரண்டு நாள் தீனியையும் நிறுத்திப் பார்த்தேன். தண்ணீரைச் சோதித்ததில், மீன் கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். வெள்ளைப் புள்ளியோ வயிறு வீக்கமோ இல்லை.

இது வெறும் குளிர்தானா, வேறு நோயா?