1966 எம்ஜிபி ரோட்ஸ்டர், உள்ள முழுக்க துரு – முதல்ல எதுல கை வைக்கிறது?

கராஜ்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா வச்சிருந்த 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இப்ப என் கைக்கு வந்திருக்கு. 12 வருஷமா ஓடல. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வெளிய நிறுத்திட்டாங்க, மூடி வச்சா பத்திரமா இருக்கும்னு நெனச்சிருக்காங்க, ஆனா உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம வேர்த்து வேர்த்து மொத்தமும் துரு ஏறிடுச்சு. சின்ன வயசுல அந்த வண்டில அவர் பக்கத்து சீட்ல உக்காந்து காத்து மூஞ்சில அடிக்க போனது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு, அதனால இதை விக்கவோ பழைய இரும்புக்குப் போடவோ எனக்கு மனசு வரல, எத்தனை வருஷம் ஆனாலும் வீட்டு கராஜ்லயே வச்சு நானே செய்யணும்னு முடிவு பண்ணிட்டேன்.

இப்ப நிலைமை என்னன்னா டிரைவர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினா ஓட்டை வழியா சிமெண்ட் தரை தெரியுது. சீட்டுக்குப் பின்னாடி பேட்டரி வைக்கிற ரெண்டு பெட்டியும் சல்லடையா இருக்கு. கதவுக்கு கீழ இருக்குற சில் பேனல் மட்டும் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கு, பெயின்ட் அங்கங்க குமிழ் விட்டிருக்கு அவ்வளவுதான். காந்தம் வச்சுப் பாத்தேன், பின் சக்கரத்து வளைவுல சில இடத்துல ஒட்டல, பானெட்ல எங்கயுமே ஒட்டல, முழு பானெட்டுக்கும் பட்டி போட்டு வச்சிருக்காங்களோன்னு பயமா இருக்கு. இன்ஜின் சுத்தல. முன்னாடி ஜாக் போட்டுத் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்தினப்போ டிரைவர் கதவு திறந்துச்சு, ஆனா திரும்ப மூட வரல, கீல் தேஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்.

என் பிளான்: எல்லாத்தையும் கழட்டிட்டு, முதல்ல தரையை வெட்டி புது ஷீட் போட்டு (சமமான இடம்கிறதால வெல்டிங் பழகவும் வசதி), அப்புறம் பாடி மொத்தத்தையும் மணல் பிளாஸ்ட்டிங் (காத்தழுத்தத்துல மணலை அடிச்சு துரு, பழைய பெயின்ட்டை எடுக்குறது) பண்ணி பெயின்ட். சரியா வருமா?

தகரக்காதலன்:

தம்பி, நீங்க கடைசியா போறபோக்குல சொன்னீங்களே கதவு மூட வரலன்னு, இந்த வண்டியோட மொத்த கதையும் அதுலதான் இருக்கு. கீல் தேய்மானம்னா கதவு எப்பவுமே தொங்கும். தூக்கினா மட்டும் மூட வரலன்னா பாடி வளையுதுன்னு அர்த்தம். அதனால தயவுசெஞ்சு கிரைண்டரை எடுக்காதீங்க, இன்னும் ஒரு போல்ட்டைக் கூட கழட்டாதீங்க.

எம்ஜிபி 1962ல வந்தப்போ அதுக்கு முன்னாடி இருந்த எம்ஜிஏ மாதிரி தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸிஸ். ரோட்ஸ்டருக்கு மேல கூரையும் இல்ல. அப்போ முன்பாதியையும் பின்பாதியையும் சேத்துப் புடிச்சிருக்குறது எது? கதவுக்கு கீழ ஓடுற சில்லும் தரைக்கு நடுவுல நீளவாக்குல மேடா ஓடுற டனலும்தான். அந்த சில் வெளிய தெரியுற ஒரு தகரம் மட்டும் இல்ல, வெளி சில், நடுவுல நெட்டுக்குத்தா ஒரு தடுப்பு ஷீட், உள் சில், அடியில கேஸல் ரெயில்னு ஒண்ணு, எல்லாம் சேந்து ஒரு பெட்டி. வெளி ஷீட் பளபளன்னு இருக்கும்போதே உள்ள தடுப்பும் கேஸல் ரெயிலும் பொடியா போயிருக்கும். முன் சக்கரத்துக்குப் பின்னாடி ஃபெண்டருக்குள்ள சேறு சேந்து சேந்து அங்க இருந்துதான் ஆரம்பிக்கும். முன் ஃபெண்டர் போல்ட்ல நிக்குறதுதான், பொறுமையா கழட்டலாம், கழட்டினா அந்த முனை எந்த லட்சணத்துல இருக்குன்னு கண்ணால பாக்கலாம், ஆனா அதுவும் அளவு எடுத்த பிறகு.

தரையை முதல்ல மாத்துறது ஏன் தப்புன்னா, தரையோட ஓரம் போய் உக்காருறதே உள் சில்லுலதான். உளுத்துப்போன சில்லுல புதுத் தரையை வெல்ட் பண்ணி என்ன பிரயோஜனம்? அதை விட மோசம், தரையை வெட்டி எடுத்துட்டா மிச்சம் மீதி இருந்த பலமும் போயி பாடி நடுவுல தொய்ஞ்சிடும், நீங்க அந்தத் தொய்வோடயே புது ஷீட்டை வெல்ட் பண்ணி நிரந்தரமாக்கிடுவீங்க. அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது. நான் முதல் வண்டில இதைத்தான் செஞ்சேன், ரெண்டு சில்லையும் திரும்ப அறுத்து எடுக்க வேண்டியதா போச்சு, அந்த வருஷம் முழுக்க அதுலயே போச்சு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நீங்க இப்ப செய்ய வேண்டியது, வண்டியை நாலு சக்கரத்துல இறக்கி, கதவை மூடி, கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்குற இடைவெளியை மேலயும் கீழயும் அளந்து எழுதுங்க. நடுவுல தொய்ஞ்சிருந்தா மேல குறுகலாவும் கீழ அகலமாவும் இருக்கும். அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து சில்லோட அடிப்பக்கம் முன்ல இருந்து பின் வரைக்கும் குத்திக்கிட்டே போங்க. என்ன ஆச்சுன்னு இங்க வந்து சொல்லுங்க.

நீலவண்டி:

பானெட்டைப் பத்தி கவலையே வேண்டாம் ப்ரோ, அது பட்டி இல்ல, அலுமினியம். ஆரம்பகால எம்ஜிபிக்கு பானெட் அலுமினியத்துலதான் வந்துச்சு, பின்னாடிதான் இரும்புக்கு மாறிச்சு. அது உங்ககிட்ட இன்னும் ஒரிஜினலா இருக்குன்னா பொக்கிஷம் அது. காஸ்டிக் சோடா கலந்த பெயின்ட் ரிமூவர் மட்டும் அது மேல படவே கூடாது, அலுமினியத்தை அப்படியே தின்னுடும். பிளாஸ்ட்டிங்கும் வேண்டாம். பின் வளைவுல ஒட்டலைன்னு சொன்னது நிச்சயமா பட்டிதான், அதுக்கு கீழ ஓட்டை இருக்கும்னு இப்பவே வச்சுக்கோங்க.

முழுப்பிரிவு:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. என் அனுபவத்துல மொத்தமா பிரிச்சு வெறும் பாடியா ஆக்கினாத்தான் எங்க எங்க துரு இருக்குன்னு முழுசா தெரியும், கொஞ்சம் கொஞ்சமா பேட்ச் அடிச்சா அஞ்சு வருஷத்துல திரும்ப அதே இடத்துல குமிழ் வரும். பிளாஸ்ட்டிங்கும் தப்பில்ல, மூலை முடுக்கு, ஜாயின்ட், மடிப்புக்குள்ள எல்லாம் வயர் பிரஷ் போகாத இடத்துல அது ஒண்ணுதான் போகும். ரொட்டிசரில (பாடியை முன்னாடியும் பின்னாடியும் புடிச்சு உருட்டுற ஸ்டாண்ட்) மாட்டி பாடியை சுத்தி விட்டு வேலை செஞ்சா அடிப்பக்கம் வெல்டிங் எவ்வளவு சுலபம்னு செஞ்சவங்களுக்குத் தெரியும். பெரிய சமமான பேனல்ல மட்டும் மணல் அடிக்க விடாதீங்க. நான் கதவைக் குடுத்துட்டு போய் வாங்கினப்போ வெளி ஷீட் முழுக்க அலை அலையா இருந்துச்சு. சூட்டால வளையுதுன்னு நெனச்சேன், ஆனா மணல் வந்து அடிக்கிற அடில ஒரு பக்கத் தோல் மட்டும் விரியறதாலயும் அப்படி ஆகுமாம். நல்லா இருந்த கதவு அது, இன்னும் எனக்கு ஆறல.

தகரக்காதலன்:

முழுசா பிரிக்க வேண்டாம்னு நான் சொல்லல நண்பா, வரிசையைத்தான் சொல்றேன். ரொட்டிசரி முன்னாடியும் பின்னாடியும்தான் புடிக்கும், நடு பாரம் முழுக்க சில்லுல தொங்கும். சில் உளுத்த ரோட்ஸ்டரை அதுல ஏத்தினா நடுவுல மடங்கிடும். முதல்ல சில், அப்புறம் தாராளமா ஏத்தி சுத்துங்க, தரை, பேட்டரி பெட்டி எல்லாம் அதுல வச்சே செய்யலாம். மூலை முடுக்குக்கு பிளாஸ்ட்டிங்னு நீங்க சொன்னது எனக்கும் சம்மதம்.

ஸ்பேனர்செல்வி:

இன்ஜின் பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். 1798 சிசி நாலு சிலிண்டர், கரடுமுரடான நல்ல இன்ஜின், சுத்தலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோட துருவுல ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரை வச்சு முயற்சி பண்ணவே பண்ணாதீங்க. ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிட்டு ஏடிஎஃப்பும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் ஊத்தி விட்டுடுங்க, தீப்பிடிக்கிற சாமான், பக்கத்துல கிரைண்டர் நெருப்புப்பொறி கூடாது. நாள் கணக்குல, தேவைன்னா வாரக் கணக்குல ஊறட்டும். அப்புறம் கிராங்க் புல்லி நட்ல நீளமான பார் போட்டு கையால முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு அசைச்சுப் பாருங்க. ஒரு நூல் அசைஞ்சா போதும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் அசையும். வலுக்கட்டாயம் பண்ணினா ரிங் உடையும்.

1966ங்கிறதால இன்னொரு விஷயம், இந்த வண்டில பாடிக்குப் போறது பேட்டரியோட பாசிட்டிவ் முனை. 1967 கடைசியில எம்ஜிபியோட அடுத்த வடிவம் மார்க் 2 வந்தப்பத்தான் ஆல்டர்னேட்டரோட நெகட்டிவ் எர்த்துக்கு மாறினாங்க. நடுவுல யாராவது மாத்தியும் இருக்கலாம், அதனால வயர் போற வழியைப் பாத்து உறுதி பண்ணிக்காம பேட்டரி கனெக்ட் பண்ணாதீங்க. ரெண்டு 6 வோல்ட் பேட்டரி சீரிஸ்ல இருக்கும், அதோட ஆசிட் வழிஞ்சதும் சேந்துதான் அந்தப் பெட்டியை அரிச்சிருக்கும்.

பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எதையும் பாத்து நல்லாத்தானே இருக்குன்னு திரும்ப மாட்டாதீங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், 12 வருஷத்துல உள்ள என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

கராஜ்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பானெட் விஷயம் கேட்டு மனசு லேசாச்சு. மத்தபடி செய்தி நல்லா இல்ல. வண்டியை சக்கரத்துல இறக்கி அளந்தேன், டிரைவர் பக்கம் கதவோட பின் இடைவெளி மேல 3 மிமீ, கீழ 7 மிமீ. இன்னொரு பக்கம் மேல 4, கீழ 5. சில்லை அடியில குத்தினேன், முன் பாதில ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ள போச்சு. ஓட்டையை டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள இன்னொரு சில் இருக்கு! அதாவது யாரோ பழைய உளுத்த சில்லுக்கு மேலயே புது தகரத்தை மூடி வெல்ட் பண்ணி பெயின்ட் அடிச்சிருக்காங்க, நடுத் தடுப்பு பாதி காணவே காணோம். இதுல வச்சு சித்தப்பா என்னையும் ஏத்திக்கிட்டு ஓட்டினாரான்னு நெனச்சா வயித்தைக் கலக்குது. அவருக்கும் தெரிஞ்சிருக்காது.

இனி எப்படி போகணும்? சின்ன பொருள் துருவுக்கு என்ன பண்றதுன்னும் சொல்லுங்க, நட்டு போல்ட் பிராக்கெட்னு ஒரு பக்கெட் நிறைய இருக்கு.

தகரக்காதலன்:

மூடி மறைச்ச சில்லு இந்த வண்டிகள்ல நிறைய பாத்தாச்சு தம்பி, மனசு விடாதீங்க, இப்பவாவது தெரிஞ்சுதே.

வண்டியை சமதளத்துல நல்ல ஸ்டாண்ட்ல நிறுத்துங்க, பின்னாடி ஸ்டாண்ட் ஸ்பிரிங் மாட்டுற இடத்துக்குக் கீழ வரணும், அந்த இடமே உளுத்திருந்தா ஆக்சிலுக்குக் கீழ. ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகவே கூடாது. சின்ன ஜாக்கும் மரக்கட்டையும் வச்சு நடுவை மெல்ல மெல்ல ஏத்தி கதவு இடைவெளி மேலயும் கீழயும் சமமாகுற வரைக்கும் கொண்டு வாங்க. அப்புறம் 25 மிமீ சதுரக் குழாய் எடுத்து கீல் தூணுக்கும் லாக் தூணுக்கும் நடுவுல உள்பக்கமா வெல்ட் பண்ணிடுங்க, கதவை மாட்டி மூடிப் பாக்க இடம் விட்டு. இடது வலதுக்கும் குறுக்க ஒண்ணு. அதுக்கப்புறம்தான் அறுக்கணும், அதுவும் ஒரு பக்கம் முழுசா முடிச்சிட்டுத்தான் அடுத்த பக்கம். புது ஷீட்டை முதல்ல கிளாம்ப்ல மட்டும் புடிச்சு கதவை மூடிப் பாருங்க, சரின்னா வெல்ட், இல்லன்னா கழட்டி திரும்ப.

வெல்டிங்குக்கு மிக் மெஷின், 0.6 மிமீ வயர், ஆர்கான் கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ். ஷீட் 1 மிமீ கிட்டதான், ஒரே இழுப்பா இழுத்தா ஓட்டை விழும், வளையும். ஒரு புள்ளி இங்க, அடுத்தது தள்ளி அங்க, தொட்டுப் பாத்து சூடு ஆறின பிறகு அடுத்தது. வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி அதே கனத்துல வேஸ்ட் தகரத்துல பத்து நாளாவது பழகுங்க. வெல்ட் பண்ணப் போற இடத்தை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்காதீங்க, குளோரின் உள்ள கிளீனர்னா வெல்டிங் சூட்டுல ஃபாஸ்ஜீன்னு ஒரு விஷவாயு வரும், உயிருக்கே ஆபத்து. சில் முடிஞ்சதும் உள்ள கேவிட்டி வேக்ஸ் (பெட்டிக்குள்ள துரு வராம இருக்க அடிக்கிற மெழுகு) அடிச்சு அடில இருக்குற தண்ணி வடியுற ஓட்டையை அடைக்காம விடுங்க.

நீலவண்டி:

பக்கெட் விஷயத்துக்கு எலக்ட்ராலிசிஸ் அருமையா வேலை செய்யும். பிளாஸ்டிக் தொட்டில தண்ணி, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாஷிங் சோடா, பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ் துருப்பிடிச்ச பொருளுக்கு, பாசிட்டிவ் ஒரு வேஸ்ட் இரும்புத் தகடுக்கு. மாத்திப் போட்டா உங்க பொருள் கரைஞ்சிடும். தகடுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டவே வேண்டாம், தண்ணி குரோமிய விஷமாயிடும். ஹைட்ரஜன் வரும், அதனால வெளிய காத்தோட்டமா வச்சு செய்யுங்க, ஆஃப் பண்ணிட்டுத்தான் கை வைக்கணும். ஸ்பிரிங்கும் அதிக பலமுள்ள போல்ட்டும் இதுல போடாதீங்க, ஹைட்ரஜன் உள்ள ஏறி பொடுக்குன்னு முறியும்.

ஸ்பேனர்செல்வி:

ஒவ்வொண்ணையும் கழட்டும்போதே போட்டோ எடுத்து தனித்தனி கவர்ல போட்டு எங்க இருந்து வந்ததுன்னு எழுதிடுங்க. இது ரெண்டு மூணு வருஷ வேலை, ஞாபகத்துல நிக்காது.

கராஜ்வாசி:

சரி, பிளானை மாத்திட்டேன். இந்த வாரம் குழாய் வாங்கி நீங்க சொன்ன மாதிரி பிரேஸ் (பாடி வளையாம தாங்குற முட்டு) அடிக்கிறேன், அது வரைக்கும் சிலிண்டர்ல ஏடிஎஃப் ஊறட்டும். தரை அப்படியே கிடக்கட்டும். அளந்த நம்பரை மாஸ்கிங் டேப்ல எழுதி கதவு மேலயே ஒட்டிட்டேன்.

தகரக்காதலன்:

அந்த டேப்பைக் கடைசி வரைக்கும் எடுக்காதீங்க. டிரைவர் பக்கம் முடிஞ்சு ஒரு ராத்திரி ஆற விட்டு, பிரேஸை அறுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அறுத்த பிறகு ஒரு தடவை அளந்து பக்கத்துலயே எழுதுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா கதவை மூடிப் பாத்துட்டு இங்க வந்து எழுதுங்க, நான் காத்துக்கிட்டு இருப்பேன்.