பொதுவீட்டுச் சாமானை விற்ற பங்காளி திருடரா? வாங்கிய கடைக்காரர்?

கேள்வி:
வணக்கம். கானாடுகாத்தான் அருகே எங்கள் பாட்டையா கட்டிய வளவு வீடு பாகம் பிரிக்கப்படாமல் பூட்டியே கிடக்கிறது. சாவி வைத்திருக்கும் பங்காளிகளில் சித்தப்பா முறையுள்ள ஒருவர், இரண்டாங்கட்டு அறையிலிருந்த பித்தளை அண்டாக்களைக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் விற்றுவிட்டார். கேட்டால், "என் ஆத்தாளுக்கு வந்த சீர்ச்சாமான்" என்கிறார். கடைக்காரரோ தமக்கு எதுவும் தெரியாது என்கிறார். இருவர்மீதும் குற்ற வழக்கு நிற்குமா?

பதில் (வழக்கறிஞர், தேவகோட்டை):
பொருள் ஒன்றே ஆனாலும் இருவரின் மனத்தையும் தனித்தனியாகத்தான் நீதிமன்றம் பார்க்கும். இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவுப்படி, ஒருவர் வசமிருக்கும் பொருளை அவர் சம்மதமின்றி எடுத்தது மட்டும் திருட்டாகிவிடாது. நேர்மையற்ற நோக்கமும் வேண்டும். தன்னுடையது என்று நல்லெண்ணத்துடன் நம்பி எடுத்தவர் திருடர் அல்லர் என்று அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றே சொல்கிறது. அதற்காக, பங்கு உண்டு என்ற ஒரே காரணத்தால் யாரும் தப்பிவிட முடியாது. சீர்ச்சாமான் என்று அவர் உண்மையிலேயே நம்பினாரா, மாட்டிக்கொண்ட பிறகு சொல்கிறாரா என்பதே கேள்வி. பகலில் நாலு பேர் பார்க்க எடுத்துச் சென்றிருந்தால் அது அவருக்குச் சாதகம்; வீட்டில் ஆள் இல்லாத நாள் பார்த்து இரவில் வண்டி கொண்டுவந்திருந்தால் நிலைமை வேறு.

பதில் (பழம்பொருள் வியாபாரி):
சாவியோடு வந்து விற்பவரிடம் பாகப்பத்திரம் கேட்டால் எந்தச் செட்டியார் வீட்டிலும் எங்களை வாசற்படி ஏற விடமாட்டார்கள். நம்பித்தான் வாங்குகிறோம், ஐயா. அதுவும் குற்றமா?

பதில் (அதே வழக்கறிஞர்):
நம்பி வாங்கினால் குற்றமில்லை. ஆனால் திருட்டுப் பொருளை வாங்குவது பற்றிய 317ஆம் பிரிவு, தெரிந்து வாங்கியவரோடு நிற்பதில்லை. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கியவரையும் அது பிடிக்கும். மூன்றாண்டு வரை சிறை உண்டு. திருட்டு நடந்த சில நாள்களுக்குள் பொருள் கையிலிருந்து, வந்த வழியையும் சொல்ல முடியாவிட்டால், நீதிமன்றம் பாதகமாக அனுமானிக்கலாம். நம் ஊர் அண்டாக்களின் விளிம்பில் குடும்ப விலாசம், அதாவது குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகள், பொறித்திருக்கும். விற்றவரின் விலாசம் வேறாக இருந்தும், பழைய பித்தளை விலைக்கும் குறைவாகக் கொடுத்து, கணக்கில் எழுதாமல் வாங்கியிருந்தால் "தெரியாது" என்ற சொல் எடுபடாது. வாங்கிய பின் அந்த எழுத்தை அரத்தால் தேய்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். மனத்துக்குள் இருந்ததை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சாட்சி கிடைப்பது அரிது.

சித்தப்பாவின் செயல் திருட்டோ, கையாடல், நம்பிக்கை மோசடி போன்ற குற்றமோ இல்லை என்று முடிவானால், கடைக்காரர் மீதான இந்த வழக்கும் அதோடு விழுந்துவிடும். விற்பனை 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379, 411 பிரிவுகள் பொருந்தும். இந்த விஷயத்தில் சாரம் மாறவில்லை. குற்றம் நிரூபணமாகாவிட்டாலும் உரிமையில்லாதவர் விற்ற பொருளுக்கு வாங்கியவர் பொதுவாக உரிமையாளர் ஆவதில்லை என்பதால், அண்டாக்களை மீட்க உரிமையியல் வழி திறந்தே இருக்கிறது. புகார் எழுதுமுன் வீட்டுப் பெட்டகத்தில் சீர்ச்சாமான் பட்டியல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சித்தப்பா சொல்வது அதில் இருக்கவும் கூடும்.