குவார்ட்டர்பேக்கால் எறிய முடியாவிட்டால் மற்ற பத்துப் பேருக்கு என்ன ஆகிறது? (மிச்சிகன் 2024)

மெய்ஸ்_நீலம்:

2024 சீசன் மிச்சிகன் (அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்) ஆட்டங்களைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். 2023-ல் 15-0, தேசிய சாம்பியன். அடுத்த வருஷமே 8-5. குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜே.ஜே. மெக்கார்த்தி என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார், அது தெரியும். ஆனால் டேவிஸ் வாரன், அலெக்ஸ் ஓர்ஜி, ஜாக் டட்டில் என்று மூன்று பேரை மாற்றி மாற்றி இறக்கியும் ஆஃபென்ஸ் (தாக்கி ஆடும் பிரிவு) ஏன் அவ்வளவு ஒடுங்கிப் போனது என்பதுதான் பிடிபடவில்லை. யூஎஸ்சி ஆட்டத்தில் ஓர்ஜி எறிந்தது மொத்தமே 32 யார்டு, 27-24 என்று ஜெயித்தோம், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) கலெல் மல்லிங்ஸ் ஒருவரே 159 யார்டு ஓடினார். அதைப் பார்த்தால் எறியாமலே சீசனை ஓட்டிவிடலாம் போலத்தான் இருந்தது. அடுத்த வாரம் மினசோட்டாவிடம் 24-3 என்று முன்னிலையில் இருந்து 27-24-ல் தப்பித்தோம், அதற்கடுத்த வாரம் வாஷிங்டனிடம் தோல்வி.

எல்லோரும் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (எந்த ப்ளே ஆடுவது என்று சொல்பவர்) கர்க் கேம்பெல்லைத்தான் திட்டினார்கள், சீசன் முடிவில் அவர் வேலையும் போனது. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: எவ்வளவு ப்ளே-காலிங் தவறு, எவ்வளவு குவார்ட்டர்பேக்கின் குறை? அந்தக் குறை ரன் ஆட்டத்தை எப்படிப் பாதிக்கிறது?

எட்டாவது_ஆள்:

குவார்ட்டர்பேக்கின் குறையை அவர் தவறவிட்ட பாஸ்களில் தேடாதீர்கள், ஸ்னாப்புக்கு (பந்தை ஆட்டத்துக்கு விடுவதற்கு) முன்னால் சேஃப்டிகள் (டிஃபென்ஸின் கடைசி வரிசைக் காவலர்கள்) எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். மெக்கார்த்தி இருந்தபோது இரண்டு சேஃப்டிகளும் பன்னிரண்டு, பதினான்கு யார்டு பின்னால் நின்றார்கள், ஏனென்றால் ரிசீவர் ரோமன் வில்சன் அவர்களுக்குப் பின்னால் ஓடிவிட்டால் கதை முடிந்தது. ஓர்ஜி வந்ததும் ஒருவர் ஏழெட்டு யார்டுக்கு இறங்கி வந்துவிட்டார், கார்னர்களும் (ஓரத்தில் ரிசீவர்களைக் காப்பவர்கள்) உள்ளே நெருங்கிவிட்டார்கள். பாக்ஸில் (நம் லைனுக்கு எதிரே, நடுவில்) எட்டுப் பேர் நிற்கிறார்கள், நம்மிடம் ஐந்து லைன்மேன்களும் ஒரு டைட் எண்டும் (லைன் ஓரத்தில் நின்று தடுப்பவர், பாஸும் பிடிப்பார்), மிஞ்சினால் இரண்டு டைட் எண்டும் இருக்கிறார்கள், யாரோ ஒருவரைத் தடுக்க ஆளே இல்லை. அந்த ஒருவர்தான் மல்லிங்ஸை மூன்றாவது யார்டில் பிடிக்கிறார்.

யூஎஸ்சி ஆட்டத்தில் டச்டவுன்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். மல்லிங்ஸ் 53 யார்டு ஓட்டம், டொனோவன் எட்வர்ட்ஸ் 41 யார்டு ஓட்டம், வில் ஜான்சன் இன்டர்செப்ஷனை (எதிரணியின் பாஸைப் பிடித்து) திருப்பி ஓடிய 42 யார்டு, கடைசியில் மல்லிங்ஸின் 63 யார்டு ஓட்டத்துக்கு அப்புறம் ஃபோர்த் டவுனில் (நான்காவது, கடைசி முயற்சியில்) ஒரு யார்டு. எட்டுப் பேரை முன்னால் நிறுத்தும்போது முதல் வரிசையைத் தாண்டிவிட்டால் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள், அதனால் ஒரேயடியாக நீளமாகக் கிடைக்கும், இல்லையென்றால் ஒன்றுமே கிடைக்காது. இடையில் மூன்று ப்ளே, பண்ட் (பந்தை உதைத்து எதிரணியிடம் விடுவது), மூன்று ப்ளே, பண்ட் என்று போனது அதனால்தான். அப்படிப்பட்ட ஆஃபென்ஸை வாராவாரம் நம்பி ஆட முடியாது.

ப்ளே-ஆக்‌ஷனும் (ஓடுவதுபோல் காட்டிவிட்டு எறிவது) இதே கணக்கில்தான் செத்துப்போகிறது. லைன்பேக்கர் (லைனுக்குப் பின்னால் நிற்கும் டிஃபெண்டர்) முன்னால் ஓடி வருவார், அது நமக்கு வேண்டியதுதான், ஆனால் அவர் விட்டுப்போன இடத்தில் பந்தைச் சரியான நேரத்தில் போட ஒருவர் வேண்டுமே. போட மாட்டார் என்று தெரிந்துவிட்டால் லைன்பேக்கர் தைரியமாக வருவார், திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

தூரப்பக்கம்:

மேலே சொன்னது முழுக்கச் சரி, கூடவே கைபலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், டிவியில் இது யாருக்கும் தெரிவதில்லை. கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹேஷ் கோடுகளுக்கும் (ஒவ்வொரு ப்ளேயும் இவற்றின் மேலோ நடுவிலோதான் தொடங்கும்) நடுவே 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். அகலம் இரண்டிலும் 160 அடி. அப்படியானால் கல்லூரியில் பந்து இடது ஹேஷில் இருந்தால் வலது பக்கக் கோடு வரை 100 அடி இருக்கிறது. அந்தத் தூரப் பக்கத்தில் பதினைந்து யார்டு போய் வெளியே திரும்பும் ரூட்டுக்கு, அதாவது ரிசீவர் ஓடும் பாதைக்கு, பந்து காற்றில் ரொம்ப நேரம் இருக்கும், கை வேகம் இல்லாதவர் எறிந்தால் கார்னர் நின்று நிதானமாகப் பிடித்துக்கொள்வார். அதனால் கோச் அந்த ரூட்டையே திட்டத்தில் இருந்து எடுத்துவிடுவார். எதிரணியும் வீடியோவில் இதைப் பார்த்திருக்கும், மைதானத்தின் மூன்றில் ஒரு பங்கைக் காவலே இல்லாமல் விட்டுவிட்டு மிச்சத்தில் ஆட்களைக் குவித்துவிடும். வாரன் ஆடிய ஆட்டங்களில் பாஸெல்லாம் நடுவில், டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லாண்டை நோக்கி, எட்டு யார்டுக்குள்ளேயே போனதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். லவ்லாண்ட் அந்த சீசனில் 56 பாஸ் பிடித்தார், அவரையும் சேர்த்து எல்லோரும் ஒரே சந்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

வாரனைக் குறைத்துச் சொல்லவில்லை. லுகேமியாவில் இருந்து மீண்டு, ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்குள் வந்து, மிச்சிகனுக்குத் தொடக்க ஆட்டக்காரரானவர். அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் 7 டச்டவுன், 9 இன்டர்செப்ஷன் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

கார்டு_டாக்கிள்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாப் பாரத்தையும் அந்தப் பையன்கள் தலையில் வைப்பது நியாயமில்லை. 2023-ன் ஆஃபென்சிவ் லைனில் தொடக்கத்தில் ஆடிய ஐந்து பேரில் ஒருவர்கூட 2024-ல் இல்லை. ரன்னிங் பேக் பிளேக் கோரம் இல்லை, ரிசீவர்கள் வில்சன் இல்லை, கார்னீலியஸ் ஜான்சன் இல்லை. ஒரே டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) 13 பேர் போனார்கள். கோச் ஜிம் ஹார்பா என்எஃப்எல் அணியான சார்ஜர்ஸுக்குப் போனது ஜனவரிக் கடைசியில், அதற்குள் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) இருந்த நல்ல குவார்ட்டர்பேக்குகள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போயாகிவிட்டது. அப்புறமும் புது கோச் ஷெரோன் மூர் வெளியில் இருந்து ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கலாம், இருப்பவர்களே போதும் என்று முடிவெடுத்தார்கள். அது நிர்வாகத்தின் முடிவு, வாரனின் முடிவு அல்ல.

2023-ல் பென் ஸ்டேட்டில் தொடர்ந்து 32 ரன் ப்ளே ஓடி ஜெயித்தோமே, 24-15, அப்போது யாரும் குறை என்று சொல்லவில்லை.

எட்டாவது_ஆள்:

அந்த 32 ரன்னுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் நான் சொல்ல வருவது. அன்று மெக்கார்த்தி 8 எறிந்து 7 பிடிபட்டது. எறிய முடியும், வேண்டாம் என்று விட்டோம். அந்த டிஃபென்ஸ் கடைசி வரைக்கும் பாஸ் வரலாம் என்று எண்ணித்தான் நிற்க வேண்டியிருந்தது. லைன் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், பழைய லைன் இருந்திருந்தால் வாரனோடு இன்னும் ஒரு ஆட்டமாவது ஜெயித்திருப்போம்.

கறுப்பும்_மஞ்சளும்:

ஐயோவா ரசிகனாக நானும் வருகிறேன், இந்த விஷயத்தில் எங்களுக்கு இருக்கும் அனுபவம் யாருக்கும் இருக்காது. 2023-ல் கேட் மெக்நமாரா காயப்பட்டு டீக்கன் ஹில் ஆடினார், எறிந்ததில் பாதிகூடப் பிடிபடவில்லை. டிஃபென்ஸும் பண்டர் டோரி டெய்லரும் சேர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார்கள், கோச்சின் மகனும் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டருமான பிரையன் ஃபெரன்ஸின் ஒப்பந்தத்தில் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள், அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. நல்ல அணி எதிரில் வந்ததும் தெரிந்துவிட்டது: பென் ஸ்டேட் 31-0, பிக் டென் லீக் இறுதியில் உங்கள் மிச்சிகன் 26-0, பௌலில் (சீசன் முடிவு ஆட்டம்) டென்னசி 35-0.

ஆனால் 2024-ல் புது கோஆர்டினேட்டர் டிம் லெஸ்டர் வந்ததும் பாஸ் ஆட்டம் பெரிதாக மாறவில்லை, ரன்னிங் பேக் கேலப் ஜான்சன் மட்டும் 1,537 யார்டு, 21 ரன் டச்டவுன். அதனால் பாக்ஸில் எட்டுப் பேர் நின்றாலும் ரன் திட்டம் சரியாக இருந்தால் கிடைக்கும். ஆனால் அது சமமான அணிகளோடுதான். ஓஹாயோ ஸ்டேட்டிடம் 35-7.

மெய்ஸ்_நீலம்:

எல்லோருக்கும் நன்றி, சேஃப்டிகளைப் பார்க்கச் சொன்னது ரொம்ப உதவியது, இல்லினாய் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு கேள்வி. ஆர்மியும் (ராணுவக் கல்லூரி அணி) எறிவதில்லை, 2024-ல் 12-2 எடுத்தார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது? அப்புறம் நாம் அதே வாரனோடு ஓஹாயோ ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே எப்படி ஜெயித்தோம்?

தூரப்பக்கம்:

ஆர்மியில் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லியே ஓடினார், அந்த சீசனில் 32 ரன் டச்டவுன். குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு நின்றால் நாம் பத்துப் பேரோடு பதினொரு பேரை எதிர்கொள்கிறோம், அவரே ஓடினால் ஆள் கணக்கு சமமாகிவிடும். போதாததற்கு ஒரு டிஃபெண்டரைத் தடுக்காமலே விட்டு, அவர் யாரைப் பிடிக்கப் போகிறார் என்று பார்த்துப் பந்தை மாற்றுவார்கள், அப்போது நம் பக்கம் ஒருவர் மிச்சம். ஓர்ஜியை வைத்து இதை முழுசாகச் செய்திருக்கலாம், ஆனால் இதற்கு வசந்த காலத்தில் இருந்தே தினமும் பழக வேண்டும், லைனில் உள்ளவர்களையும் அதற்கென்றே தேர்ந்தெடுக்க வேண்டும். சீசன் நடுவில் ஒருவரை மாற்றிவிட்டு அதைத் தொடங்க முடியாது. ஆர்மிக்கும் எல்லை உண்டு, நோட்ர டேம் 49-14 என்று அடித்தது, அவ்வளவு பின்தங்கிய பிறகு ஓடி எட்டிப் பிடிக்க நேரம் இருக்காது.

ஓஹாயோ ஸ்டேட் ஆட்டம் 13-10. வாரன் 62 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன், லவ்லாண்டும் ஆடவில்லை. அந்த ஜெயிப்பு டிஃபென்ஸ் லைனின் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் இருவருடையது. நடு லைனில் அவர்கள் இருக்கும்போது ஓஹாயோ ஸ்டேட் திரும்பத் திரும்ப நடுவிலேயே ஓடிப் பார்த்தது. ஆட்டம் குறைந்த புள்ளியிலேயே நின்றதால் வாரன் பெரிய பின்னடைவை எட்டிப் பிடிக்க வேண்டிய நிலைமை வரவே இல்லை. கடைசியில் மல்லிங்ஸ் 27 யார்டு ஓடினார், கிக்கர் டாமினிக் ஸ்வாடா 45 நொடி இருக்கும்போது ஃபீல்டு கோல் போட்டார். முதல் கால் பகுதியிலேயே ஓஹாயோ ஸ்டேட் இரண்டு டச்டவுன் எடுத்திருந்தால் அதே வாரன், அதே மல்லிங்ஸ், ஆனால் டெக்ஸஸிடம் வாங்கிய 31-12 மாதிரி ஆகியிருக்கும்.