மாருதி 800: ஒரு மணி நேர வேலை மூன்றாவது ஞாயிறுக்கு வந்துவிட்டது. முறிந்த போல்ட்டை என்ன செய்வது?

உடுமலை_98:

எல்லோருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன், மெக்கானிக் இல்லை. ஆயில் மாற்றுவது, பிளக் கழற்றித் துடைப்பது, பிரேக் ஷூ மாட்டுவது வரைக்கும் அப்பா பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

வண்டி 1998 மாருதி 800, கார்ப்ரேட்டர் மாடல். அப்பா புதிதாக எடுத்தது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மாவை மாதம் ஒருமுறை கண் பரிசோதனைக்குக் கோவைக்கு இதில்தான் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் முடியாது. அதனால் இந்த வண்டி எனக்கு ஞாபகார்த்தம் மட்டும் இல்லை, ஓடியாக வேண்டும்.

போன மாதம் பொள்ளாச்சி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மளமளவென்று மேலே ஏறியது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். இன்ஜின் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு, ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. நன்றாக ஆறின பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் குறையவில்லை. இன்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று புரிந்தது. புதுசு ஒன்றும், கசியாமல் இருக்க இடையில் வைக்கும் பேக்கிங்கும் வாங்கி வந்தேன். ஹோஸைக் கழற்று, மூடியின் போல்ட்டுகளைக் கழற்று, மாற்று, திருப்பி மாட்டு. ஒரு மணி நேரம் போதும் என்றுதான் நினைத்தேன். பத்து மணிக்கு அம்மாவுக்கு இட்லி ஊற்றலாம் என்று மாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தேன்.

முதல் ஞாயிறு: ஹோஸ் குழாயோடு ஒட்டிப்போய், திருகியும் வரவில்லை. கடைசியில் பிளேடால் கீறித்தான் எடுத்தேன். புது ஹோஸ் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. சரி, போல்ட்டையாவது கழற்றி வைப்போம் என்று 12ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டேன். ஒரு போல்ட் கிறீச்சென்று சத்தம் போட்டபடி வந்துவிட்டது. அடுத்தது கால் சுற்று நன்றாக வந்தது. அப்புறம் ஸ்பேனர் திடீரென்று லேசானது, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல. போல்ட் இளகிவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். தலை கையோடு வந்துவிட்டது. முறிந்த இடத்தைப் பார்த்தேன்: சுற்றிலும் துருவின் செம்பழுப்பு, நடுவில் புதுச் சர்க்கரை மாதிரி மினுமினுக்கும் வெள்ளை. மரையில் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் அப்பியிருந்தது.

இரண்டாவது ஞாயிறு: வாரம் முழுக்க வேலைக்குப் போகும்போதும் வந்தும் துரு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். முறிந்த துண்டு, தெர்மோஸ்டாட் உட்காரும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டின் (கார்ப்ரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்ப் பகுதி) மட்டத்துக்கு மேலே அரை விரக்கடை நீட்டிக்கொண்டிருக்கிறது. வைஸ் பிளையரில் பிடித்தேன், வழுக்கியது. சென்டர் பஞ்ச் வைத்து 3 மில்லி பிட்டால் துளை போட்டேன். நடுவில் விழவில்லை, ஒரு மில்லி விலகிவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். மேலே துளைத்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று பயம்.

இந்த ஞாயிறு மூன்றாவது. நான் கேட்க நினைப்பது: எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த போல்ட்டில் துளை போட்டு, அதில் திருகி வெளியே எடுக்கும் கருவி) வாங்கி நானே முயற்சி செய்யலாமா, இல்லை மேனிஃபோல்டையே கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோகணுமா? கழற்றுவதென்றால் முன்கூட்டியே என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்? விசாரித்த இடத்தில், "தெர்மோஸ்டாட்டே வேண்டாம், நம்ம வெயிலுக்கு அது எதுக்கு, எடுத்து எறிஞ்சுடுங்க" என்றார்கள். அது சரிதானா? அம்மாவின் அடுத்த பரிசோதனைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

வேகத்தடை:

அக்கா, என் வண்டியில இதே மாதிரி கசிஞ்சப்ப எபாக்சி பசை போட்டு மூடியை ஒட்டிட்டேன். ஆறு மாசம் ஓடுச்சு. அவசரத்துக்கு அதைச் செய்யுங்க, அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்.

பழைய_பட்டறை:

தம்பி, அந்த யோசனை வேண்டாமுங்க. சூடாகி ஆறும்போது அலுமினியமும் இரும்பும் ஒரே அளவுக்கு விரியாது. பசை ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். அன்னைக்கு அந்த வயசான அம்மா பொள்ளாச்சி ரோட்டுல வெயில்ல உக்காந்திருப்பாங்க. தண்ணி இல்லாம ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினா இன்ஜினோட மேல் பாகமான சிலிண்டர் ஹெட் வளைஞ்சு போகும்.

அம்மணி, நான் பொள்ளாச்சிப் பக்கம் முப்பத்தியொரு வருசம் பட்டறை வெச்சிருந்தேன். துளை விலகினதும் நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் இந்த வேலையிலயே நல்ல வேலை. எக்ஸ்ட்ராக்டர் வாங்காதீங்க. இந்த போல்ட் இறுக்கத்துல முறியல, மரை அரிச்சுப்போய்ப் பிடிச்சதால முறிஞ்சது. நீங்க சொன்ன வெள்ளைத் தூள் அலுமினியத்தோட துரு. அது உலோகத்தை விட அதிக இடம் கேட்கும், அதனால மரை இடுக்குல ஆப்பு அடிச்ச மாதிரி நிக்கும். வருசக்கணக்கா துருவைத் தடுக்கற கூலன்ட் இல்லாம பச்சைத்தண்ணி ஊத்தின வண்டியில இது ரொம்பக் காணும். அந்தப் பிடியில எக்ஸ்ட்ராக்டரைத் திருகினா அதுவே உள்ள முறியும். அது கெட்டி எஃகு, சாதாரண பிட் அதுமேல ஏறாது. அப்புறம் கோவையில ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால உலோகத்தை அரிச்செடுக்கற வேலை) போடற இடம் தேடிப் போகோணும்.

மேனிஃபோல்டைக் கழட்டுங்க. ஏர் ஃபில்டர், ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், பெட்ரோல் ஹோஸ், வாக்குவம் ஹோஸ், தண்ணி ஹோஸ் எல்லாம் எடுக்கோணும். எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஹோஸுக்கும் துணி டேப் சுத்தி நம்பர் எழுதுங்க, போனில படமும் எடுத்துக்குங்க. கார்ப்ரேட்டரோட சேர்ந்தே வெளிய வரும். அடி நட்டுக்கு உங்க கை போறது கஷ்டம், நீள எக்ஸ்டென்ஷனும் 12 சாக்கெட்டும் வேணும். பேட்டரி நெகட்டிவ் வயரை முதல்லயே எடுத்துருங்க. பெட்ரோல் ஹோஸ் வாயை அடைச்சு, பக்கத்துல அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாம பாத்துக்குங்க. பட்டறைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி கார்ப்ரேட்டரைத் தனியாப் பிரிச்சு வீட்டுலயே வெச்சுருங்க. வெல்டிங் வைக்கற எடத்துக்கு அது போகவே கூடாது.

லேத் பட்டறையில சொல்லுங்க: நீட்டிட்டு இருக்கற துண்டு மேல ஒரு நட்டை வெச்சு, நட்டு ஓட்டைக்குள்ள வெல்டிங் வைக்கச் சொல்லுங்க. இரும்பு வெல்டிங் அலுமினியத்துல ஒட்டாது. அந்தச் சூட்டுல அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும், பிடி விட்டுரும். ஆறும்போது ஸ்பேனர் போட்டு முன்ன பின்ன ஆட்டி எடுப்பாங்க. மரை கெட்டிருந்தா 8.3 மில்லி துளை போட்டு ஹெலிகாயில் (புது மரையா நிக்கற கம்பிச்சுருள்) வைப்பாங்க, பழைய மரையை விட கெட்டியா இருக்கும்.

வாங்கி வைக்க வேண்டியது: இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங், கார்ப்ரேட்டர் அடி பேக்கிங், தண்ணி ஹோஸ் எல்லாம், புது கிளிப்பு, புது போல்ட், கூலன்ட், காப்பர் கிரீஸ். எல்லாம் கைக்கு வந்த பிறகு கழட்டுங்க.

தெர்மோஸ்டாட் கட்டாயம் வேணும். அது இல்லைன்னா இன்ஜின் சூடேறவே நேரமாகும். பெட்ரோலை அதிகமா விடற சோக்கை அதிக நேரம் இழுத்து ஓட்டுவீங்க, பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலைக் கழுவிரும், மைலேஜும் குறையும். வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க. வெளிய எவ்வளவு வெயிலா இருந்தாலும் இன்ஜினுக்கு வேண்டிய சூடு அதை விட ரொம்ப மேல.

நாமக்கல்_டீசல்:

பட்டறை ஐயா சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு விஷயம்: வேலையை சனிக்கிழமை காலையில ஆரம்பிங்க. ஏதாவது முறிஞ்சா மத்தியானம் கடை திறந்திருக்கும்.

உடுமலை_98:

பட்டறை ஐயா, நாமக்கல் அண்ணா, ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், பின்னால் யாராவது தேடி வந்தால் உதவும்.

புதன்கிழமை எல்லாச் சாமானும் வாங்கினேன். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். மேனிஃபோல்டு வெளியே வர நாலு மணி நேரம் ஆனது, அதில் அடி நட்டு ஒன்றுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். வெளிச்சம் போதாமல், பக்கத்து வீட்டுப் பையன் மடக்குக் கண்ணாடியைப் பிடித்து நின்றான். மொத்தம் பதினோரு ஹோஸ், பதினோரு துணி டேப்.

லேத் பட்டறையில் முதல் நட்டு வெல்டிங்கோடு பிய்த்துக்கொண்டது. இரண்டாவது நட்டுக்குப் போல்ட் அசைந்தது. அரை சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அவர் ஆட்டி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முழுசாக வெளியே வர இருபது நிமிடம் பிடித்தது. மரை பாதி தேய்ந்திருந்தது, ஹெலிகாயில் வைத்துக்கொடுத்தார்.

சனிக்கிழமை மாட்டுவதற்கு முன் பழைய தெர்மோஸ்டாட்டையும் புதுசையும் நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டேன், பாத்திரத்தில் படாமல். மகளின் பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டோம். 82 டிகிரி தாண்டியதும் புதுசு மெல்ல வாய் திறந்தது. தண்ணீர் கொதித்துப் பொங்கியும் பழசு அசையவில்லை. நோய் என்ன என்பதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அங்கே தீர்ந்தது.

மாட்டி முடிக்க ஐந்து மணி நேரம் ஆனது. கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டேன். மூன்றாவது முறை நிரப்பிய பிறகுதான் மட்டம் நின்றது.

நேற்று அம்மாவைக் கோவைக்குக் கூட்டிப்போய் வந்தேன். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது, சிங்காநல்லூர் நெரிசலில்கூட. வீட்டுக்கு வந்ததும் ஹோஸ் கிளிப்பு எல்லாவற்றையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை.

ஐயா, பின் வலது சக்கரத்தில் பிரேக் சிலிண்டர் லேசாகக் கசிகிறது. சிலிண்டரும் பிரேக் ஆயிலும் வாங்கிவிட்டேன். சிலிண்டரில் சேரும் பிரேக் குழாயின் நட்டு துருப்பிடித்திருக்கிறது. இன்று முதல் எண்ணெய் விடத் தொடங்கினால் சனிக்கிழமைக்குள் இளகுமா, இல்லை புது இரும்புக் குழாயும் சேர்த்து வாங்கி வைத்துவிடட்டுமா?