ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் புத்தகம்

மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள தொடுதிரை மின்வாசிப்பான் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவட்டும் என்று, இந்த மூன்று வாரத்தில் பட்டதை எழுதுகிறேன்.

நான் தினமும் கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்குகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலையில் உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வலது கை மேலே கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது இடது கை மட்டும். அறுநூறு பக்க நாவலை ஒரு கையால் விரித்துப் பிடிப்பதே கஷ்டம், பக்கம் எப்படித் திருப்புவது? கைபேசியில் படித்துப் பார்த்தேன். குரோம்பேட்டை வருவதற்குள் நாலு பேர் செய்தி அனுப்பியிருப்பார்கள், கதை போய்விடும். இந்தக் கருவி ஏறக்குறைய 200 கிராம்தான். அதற்காகத்தான் வாங்கினேன்.

தொடுதிரை எனக்குப் புதிது, மின்வாசிப்பான் புதிதில்லை. முன்பு நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பழைய கருவி ஒரு வருடம் என்னிடம் இருந்தது. கீழே சின்னச் சின்ன விசைகள், பக்கம் திருப்ப இரண்டு ஓரத்திலும் பொத்தான்கள். அதில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே செய்துவைத்திருக்கும் பிடிஎஃப் மட்டும் ஒழுங்காக வரும், ஆனால் எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை. அந்தப் பொத்தானை அழுத்திப் பழகிய கட்டைவிரலோடுதான் இதற்கு வந்தேன்.

முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கைபேசி மாதிரி விரலை இழுத்தால் திரை கூடவே ஓடிவராது. தொட்ட பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பக்கம் மாறும். நடுநடுவே திரை முழுக்கக் கறுத்து, வெளுத்து, பிறகு எழுத்து வரும். கருவியில் ஏதோ கோளாறு என்றே நினைத்துவிட்டேன். கோளாறு இல்லை, இதன் திரை மின்தாள் (e-ink) என்ற வகை, அதன் இயல்பே அதுதான். திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். பழைய பக்கத்தின் சாயல் தங்கிவிடாமல் இருக்கத்தான் இடையிடையே முழுத் திரையையும் புரட்டிப்போடுகிறது. துகள் ஒரு தடவை இடம் மாறிவிட்டால் அங்கேயே நிற்கும், அதற்கு மின்சாரம் வேண்டாம். மூன்று வாரத்தில் நான் இரண்டே முறை சார்ஜ் போட்டதற்குக் காரணம் இதுதான். அந்த ஒரு கணத் தாமதம் இப்போது எனக்கு உறைப்பதே இல்லை.

உண்மையான தொந்தரவு கட்டைவிரலில் இருந்தது. இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் இடது ஓரத்தில் விழும். அங்கே தொட்டால் முந்தைய பக்கம். பழைய கருவியில் இந்தக் கவலையே இல்லை, இரண்டு ஓரத்திலும் அடுத்த பக்கத்துக்குப் பொத்தான் உண்டு. இதில் முன்னால் போக விரலை எட்டி நீட்ட வேண்டும், ரயில் குலுங்கினால் கருவி நழுவும். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். அப்புறம் தற்செயலாகத்தான் தெரிந்தது, தொடுவதற்குப் பதில் விரலை வலமிருந்து இடமாகத் தள்ளினால் எந்த இடத்தில் தள்ளினாலும் அடுத்த பக்கம்தான். கட்டைவிரலை ஒரு நகக்கண் அளவு தள்ளினால் போதும். என்னைப் போல நின்றுகொண்டு படிப்பவர்கள் இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தமிழ். இங்கேதான் நான் அசந்துபோனேன். இரண்டு விரலை விரித்தால் எழுத்து பெரிதாகிறது, அதற்கேற்ப வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்கின்றன. கொம்பும் காலும் பிரிந்து நிற்பதில்லை, ‘ஸ்ரீ’கூட ஒழுங்காக வருகிறது. பழைய கருவியின் கட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஒரே குறை, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகளில் ஓட்டை விழும். நம் சொற்கள் நீளமானவை. ‘நினைத்துக்கொண்டிருந்தபோது’ என்று ஒரு சொல் வந்தால் பாதி வரி அதற்கே போய்விடும். இரண்டு பக்க ஓரமும் சமமாக இருக்க வேண்டும் என்று கருவி சொற்களை இழுத்து நிறுத்த, நடுவில் பெரிய பெரிய இடைவெளி. அமைப்பில் போய் இடது ஓரம் மட்டும் சமமாக இருக்கும்படி மாற்றினேன். வலப்பக்கம் ஏறி இறங்கி நிற்கிறது, ஆனால் கண் தடுக்காமல் ஓடுகிறது.

சொல்லை அழுத்திப் பிடித்தால் ஆங்கிலத்துக்கு அகராதி திறக்கிறது. தமிழ்ச் சொல்லுக்கு என் கருவியில் ஒன்றும் வருவதில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் இறக்கிய சங்கப் பாடல்களைப் படிக்கும்போது இந்தக் குறை மனதை உறுத்துகிறது. 1998 பொங்கல் முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவைத்த செல்வம் அது. மூலம் கையில் இருந்தும் பொருளுக்குக் கைபேசியைத் தேட வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களுக்கு இது சரிப்படாது. பெரிய பக்கத்தை ஆறு அங்குலத்தில் சுருக்கினால் எறும்பு ஊர்வது போலத் தெரியும். பெரிதாக்கி நகர்த்தினால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை தடுமாறும். படுக்கைவாட்டில் திருப்பி அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படிக்கலாம், வேண்டுமானால்.

போன வாரம் ஒரு மழை. பல்லாவரத்தில் சாரல் அடித்து நாலு துளி திரைமேல் விழுந்தது. நான் விரலே வைக்கவில்லை, பக்கங்கள் முன்னும் பின்னும் ஓடின. ஈரத்தையும் விரல் என்றே திரை எடுத்துக்கொள்கிறது. சட்டையில் துடைக்கத் துடைக்க இன்னும் ஓடியது. முதலில் மேலுறையை மூடித் திரையைத் தூங்கவைத்துவிட்டு, பிறகுதான் துடைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைக் கையில் எடுத்தார். கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்தை விட்டுவிட்டவர். ஒரு பக்கத்துக்குப் பத்து வரி தெரியும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, திரையின் வலது ஓரத்தை மெல்லப் புரட்டுவது போல் இழுக்கிறார். பக்கம் திரும்பியது. “திரும்புதுடா!” என்றார் என்னைப் பார்த்து. நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் காலை ரயிலில் திறந்தபோது, புத்தகம் நான் விட்ட இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி நின்றது. எழுத்து அவருக்காக வைத்த அளவிலேயே இருந்தது. பக்கத்தை மட்டும் என் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்தப் பெரிய எழுத்திலேயே எழும்பூர் வரை படித்துக்கொண்டு போனேன்.