வாடகை 5.1 சதவீதம் கூடுகிறதாம்: கட்டடத்துக்கு ஒரு சங்கம் எப்படித் தொடங்குவது?

எட்டாம்மாடி எழுதியது:

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மார்க்கம் வீதிப் பக்கமாகப் பழைய பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் அம்மாவுடன் இருக்கிறேன். பதினொரு வருடமாக அதே வீடு. போன கிழமை கதவுக்கு அடியால் ஒரு கடித உறையைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது கட்டுவது 1,640 டொலர். அது 1,723 டொலர் 64 சதமாகப் போகிறதாம். ஒன்ராறியோ மாகாண அரசு 2026க்கு அனுமதித்தது 2.1 சதவீதம். அதற்கு மேல் இன்னும் 3 சதவீதம் கேட்டு வாடகைத் தீர்ப்பாயத்துக்கு மனுப் போட்டிருக்கிறது நிர்வாகம். சொல்லும் காரணங்கள்: நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத் திருத்தம், பல்கனிக் கம்பிகள், வாசல் கூடத்துக்குப் புதுப் பளிங்கு. அந்தப் பளிங்கில் நின்றுகொண்டுதான் பழுதான லிஃப்டுக்காகக் காத்திருக்கிறோம்.

"கேட்ட காசைக் கட்டிவிட்டுப் பேசாமல் இரு" என்பது அம்மாவின் கட்சி. எனக்கு மனம் கேட்கவில்லை. கட்டடத்தில் ஏறக்குறையப் பாதி வீடுகள் நம்மவர்களுடையவை. லிஃப்டில் தலையாட்டுவதோடு சரி, ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி 23 பேரைச் சேர்த்தேன். இரண்டாம் நாளே அதில் காலை வணக்கப் படங்களும் நகைக்கடை விளம்பரமும் வரத் தொடங்கிவிட்டன.

அந்த 3 சதவீதத்தை இப்போதே கட்ட வேண்டுமா? சங்கம் என்று ஒன்றைத் தொடங்குவதானால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

தம்பி, நானும் ஒரு காலத்தில் கையெழுத்து வேட்டைக்குப் போனவன்தான். நாற்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு முத்திரை குத்தித் தந்தார்கள். கிடைத்த பலன் அந்த முத்திரை மட்டும்தான். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அடுத்த கிழமை என்னைக் கண்டதும் படிக்கட்டால் இறங்கிப் போனார்கள். நம்மவர்களை நம்பி இறங்காதீர்கள். வேறு வீடு பாருங்கள்.

சீட்டுக்காரி எழுதியது:

வழிப்போக்கன் அண்ணை, வேறு வீடு பார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடு குடியிருக்கிற ஆளோடுதான் ஒட்டியிருக்கிறது. ஆள் வெளியேறிய வீட்டுக்கு, அடுத்து வருபவரிடம் எவ்வளவும் கேட்கலாம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடென்றால் வருடாந்த உச்சவரம்பே கிடையாது. பதினொரு வருடம் காத்துவந்த வாடகையை அந்தத் தம்பி விட்டுவிட்டுப் போனால், யாருக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கிறீர்கள்?

தம்பி, முதலில் காசுக் கதை. நான் பதினெட்டு வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறவள். (ஒரு சீட்டும் உடைந்ததில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) தீர்ப்பாயம் கட்டளை போடும்வரை நீங்கள் 2.1 சதவீதக் கூட்டலை மட்டும் கட்டலாம். ஆனால் மனு வென்றால் மிச்சத்தைப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்துக் கேட்பார்கள். உங்கள் கணக்கில் அது மாதம் 49 டொலர் 20 சதம். அதை ஒவ்வொரு முதலாம் திகதியும் தனியாக எடுத்து வையுங்கள். விசாரணை வர ஒரு வருடத்துக்கு மேல் போவதும் உண்டு. எங்கள் கட்டடத்தில் தோற்றுவிடுவோம் என்ற பயத்தைவிட, மொத்தமாகக் காசு கேட்பார்களே என்ற பயம்தான் ஆட்களைப் பின்வாங்க வைத்தது. அதனால் சீட்டுக் கொப்பி மாதிரி ஒரு கொப்பி போட்டேன். சேர்த்து வைத்தாயா என்று மாதா மாதம் கேட்பேன், காசை நான் தொடமாட்டேன். கேட்க ஒருவர் இருந்தால் மனிதர் சேர்க்கிறார்கள்.

இனிச் சங்கம். நாங்கள் முதலில் செய்தது முழுப் பிழை. தமிழில் துண்டுப்பிரசுரம் அடித்துச் சலவை அறையில் ஒட்டி, ஞாயிறு பின்னேரம் கூட்டம் என்று போட்டோம். பதினெட்டு மாடிக் கட்டடத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பதும் தமிழர். அதில் இருவர் தலைவர் யார் என்று கேட்டார்கள், ஒருவர் யாப்பு எழுத வேண்டும் என்றார். ஒரு மணி நேரம் சங்கத்தின் பெயரைப் பற்றியே கதைத்தோம். நமக்கு இது ஒரு வியாதி. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், அதன் ஒன்றுகூடல், மலர் வெளியீடு என்று இந்த நகரத்தில் நாம் வைத்திருக்கும் சங்கங்களுக்குக் கணக்கில்லை. முப்பது வருடத்துக்கு முன்பு விட்டுவந்த தெருவுக்குக் கூரை போடக் காசு சேர்ப்போம். தலைக்கு மேலே ஒழுகுகிற கூரைக்கு மட்டும் ஒருவரும் இல்லை.

கூட்டம் முடிந்து கதிரைகளை மடிக்கும்போது, உடுப்புக் காய வைக்க வந்த பதினோராம் மாடி ஜமேக்கா அம்மா ஒருவர் சுவரில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது என்ன மொழி, எனக்கும் வாடகை கூடியிருக்கிறதே" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் தொண்ணூறுகளில் வேறொரு கட்டடத்தில் இதே சண்டையைப் பிடித்தவர். கூட்டம் கடைசியில்தான், முதலில் கதவு என்று சொல்லித் தந்தது அவர்தான்.

கோவில் நாட்காட்டி ஒன்றைப் பிரித்து, பின்பக்கத்தில் கட்டடத்தை வரைந்தோம். பதினேழு வரிசை. பதினெட்டு மாடி என்று பெயர்தான், பன்னிரண்டுக்கு அடுத்து நேரே பதினான்கு, பதின்மூன்று கிடையாது. வரிசைக்குப் பத்துக் கதவு. என் பேரனுடைய கலர் பென்சில்தான். கதவு திறந்து கதைத்தால் பச்சை, திறந்தும் வேண்டாம் என்றால் சிவப்பு, திறக்கவே இல்லையென்றால் வெறுமை. கதவில் நின்று வாடகையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. "உங்கள் வீட்டில் எது திருத்தாமல் கிடக்கிறது?" இதை மட்டும் கேட்டோம். அதற்குப் பிறகு அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம். ஒரு பிலிப்பீன் தாதி, சமையலறைத் தொட்டிக்குக் கீழே வைத்திருந்த ஐஸ்கிரீம் வாளியை இழுத்துக் காட்டினார். இரவு வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை ஊற்றிவிட்டு வைப்பாராம். இரண்டு வருடமாக. அவருக்கு நேர் கீழ் வீட்டில் ஒரு வங்காளதேசக் குடும்பம், கூரையில் மஞ்சள் வட்டம். இந்த இரண்டு வீட்டுக்காரரும் அதுவரை ஒருவரையொருவர் கண்டதில்லை.

நாட்காட்டி முழுவதும் நிரம்ப இரண்டு மாதம் பிடித்தது. வெறுமையான கதவுகளைக் குறித்து வைத்து வேறு நேரத்தில் போனோம். சிவப்பு 14தான். வழிப்போக்கன் அண்ணை, உங்கள் நாற்பது கையெழுத்தும் வீணாகப் போனதற்கு நம்மவர் காரணமில்லை. கையெழுத்து வாங்கியவர் நீங்கள் ஒருவர், கொடுத்தவர் நாற்பது பேர். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை.

அடுத்தது 311, நகரத்துக்கு முறைப்பாடு சொல்லும் தொலைபேசி இலக்கம். ரென்ற்சேஃப் என்று நகரத்தின் திட்டம் ஒன்று 2017இலிருந்து இருக்கிறது. மூன்று மாடியும் பத்து வாடகை வீடுகளும் இருந்தாலே அந்தக் கட்டடம் அதற்குள் வரும். சூடோ தண்ணீரோ மின்சாரமோ நின்றால் நிர்வாகம் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும், மற்ற முறைப்பாடுகளுக்கு ஏழு நாள். முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், படம் எடுத்து வையுங்கள். அசையவில்லையென்றால் 311ஐ அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். முக்கியம், அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வைக்க வேண்டும். இலக்கம் இல்லாத முறைப்பாடு நடக்காத முறைப்பாடு. ஒரே கிழமையில் 61 அழைப்புப் போனது எங்கள் கட்டடத்திலிருந்து. பரிசோதகர் வந்தார்.

நகரசபை உறுப்பினரையும் கூப்பிட்டோம். அவருடைய அலுவலகத்துக்கு நாங்கள் போகவில்லை, அவரைத்தான் எங்கள் சலவை அறைக்கு வரச் சொன்னோம். 2018இல் மாகாண அரசு ரொறன்ரோவின் தொகுதிகளை 25 ஆகக் குறைத்துவிட்டது. ஸ்காபரோ முழுவதற்கும் ஆறே ஆறு பேர். ஒருவர் தலையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சனம். தனியாகப் போய் நின்றால் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், பொங்கல் விழாவில் எடுப்பது மாதிரி. வாடகை உச்சவரம்பு மாகாணத்தின் கையில், பராமரிப்பு விதிகள் நகரத்தின் கையில். இது தெரியாமல் கேட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். நாங்கள் அவரிடம் வாடகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் வாளியைத்தான் காட்டினோம். 2026 ஒக்டோபர் 26 மாநகரத் தேர்தல். கனேடியக் குடியுரிமை உள்ளவர்களுடைய பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று கதவு தட்டும்போதே கேட்டு விடுங்கள். குடியுரிமை இல்லாதவரும் நகரசபைக் குழுக்களின் முன் பேசலாம், அதற்கு வாக்கு வேண்டியதில்லை.

எங்கள் நிர்வாகம் கேட்டதும் 3 சதவீதம்தான். பதினான்கு மாதம் கழித்து, பேச்சுவார்த்தையில் 1.7க்கு முடிந்தது. பூச்சாடிகளும் வாசல் விளக்குகளும் கணக்கிலிருந்து போயின. பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் லிஃப்ட் ஓடுகிறது.

பழைய கோப்பு எழுதியது:

அக்கா சொன்னவற்றோடு சட்டப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வழக்கமான பராமரிப்புக்கோ, அழகுக்கும் ஆடம்பரத்துக்கும் மட்டும் செய்த வேலைக்கோ கூடுதல் வாடகை கேட்க முடியாது. வாகனத் தரிப்பிடத் திருத்தம் பெரும்பாலும் செல்லும். பல்கனியும் செல்லலாம். பளிங்கைத்தான் பிடியுங்கள். மனுவுக்கு ஆதாரமான பற்றுச்சீட்டுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள். உச்சவரம்புக்கு மேல் வருடத்துக்கு 3 சதவீதமாக மூன்று வருடம்வரை போகலாம், ஆக இந்த வருடத்தை மட்டும் பார்க்க வேண்டாம். நகரத்தின் பராமரிப்புக் கட்டளை நிறைவேற்றப்படாமல் இருந்தால், அல்லது பராமரிப்பில் பாரதூரமான தவறு தொடர்ந்தால், தீர்ப்பாயம் மனுவைத் தள்ளுபடி செய்யவோ தாமதிக்கவோ முடியும். அக்கா 311 இலக்கங்களைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

யாராவது கதவுக்கு வந்து என்-10 என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அது உச்சவரம்புக்கு மேலான கூட்டலுக்கு நீங்களாகவே சம்மதிக்கும் பத்திரம். தெரியாமல் போட்டுவிட்டால் ஐந்து நாட்களுக்குள் எழுத்தில் ரத்துச் செய்யலாம். அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தானே.

சங்கம் அமைத்ததற்காக வெளியேற்ற மனுப் போட்டால், தீர்ப்பாயம் அதை மறுத்தே ஆக வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

வாடகையை முழுதாக நிறுத்துவது பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். 2017இல் ரொறன்ரோவின் பார்க்டேலில் முன்னூறு வீடுகள்வரை நிறுத்தின, கோடை முடியுமுன் கட்டட நிறுவனம் இறங்கி வந்தது. 2023இல் தோர்ன்கிளிஃப் பார்க்கிலும் நிறுத்தினார்கள். அங்கெல்லாம் மாடிக்கு மாடி ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் 23 பேரை வைத்துக்கொண்டு அதைத் தொடாதீர்கள். வாடகை கட்டாவிட்டால் வெளியேற்ற அறிவித்தல் வரும், அது விளையாட்டில்லை. சமூகச் சட்ட உதவி மையம் ஒன்றோடு முதலில் பேசுங்கள். மனுவை எதிர்க்கும் குடியிருப்பாளர் குழுக்களுக்கு நகரமும் பண உதவி செய்கிறது.

எட்டாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாட்காட்டி கிடைக்கவில்லை, பீட்சாப் பெட்டியின் மூடியில் வரைந்திருக்கிறேன். வெட்கத்தைவிட்டு நேற்று எங்கள் மாடியை மட்டும் தட்டினேன். பன்னிரண்டில் ஏழு திறந்தன. 809இல் இருப்பவர் என் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு மேலே படித்தவராம், ஆறு வருடமாக ஒரே லிஃப்டில் போகிறோம்.

அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி. குசினிக்குள் இருந்தபடியே, "805 வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்விடும், இப்போது தட்டாதே" என்றார்.

ஒரு சந்தேகம். 803இல் மூன்று தடவை தட்டியும் திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்கிறது. சிவப்பா, வெறுமையா?

சீட்டுக்காரி எழுதியது:

வெறுமை. ஆள் உள்ளே இருந்தும் திறக்கவில்லையென்றால் உங்களை நிர்வாகத்து ஆள் என்று நினைத்திருப்பார். கையில் கோப்புப் பை வைத்திருந்தீர்களா? அதை வீட்டில் வையுங்கள். அடுத்த முறை 809ஐயும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேராக. தட்டும்போது உங்கள் வீட்டு இலக்கத்தைச் சொல்லித் தட்டுங்கள்.

பீட்சாப் பெட்டி எண்ணெய் ஊறிவிடும். விலாசம் தனிமடலில் அனுப்புங்கள், என்னிடம் போன வருடத்து நாட்காட்டி இரண்டு இருக்கிறது.