பைபிளின் எபிரேய உரைநடையில் உங்களை இன்னும் விடாத வசனம் எது?

வைகைக்கரை:
ரூத் 3:3. வகுப்புல இலக்கணம் முடிஞ்சதும் நேரா ரூத் புத்தகத்துக்குள்ள இறக்கிவிட்டாங்க. நகோமி மருமகள் ரூத்தை ராத்திரி களத்துக்கு அனுப்புற இடம். குளி, எண்ணெய் பூசு வரைக்கும் சிக்கல் இல்லை. "உடுத்து", "இறங்கிப் போ" ரெண்டுக்கும் கடைசியில ஒரு யோத் (ய் எழுத்து) ஒட்டிக்கிட்டு நிக்குது. எழுத்தை நம்பினா "நான் இறங்கிப் போவேன்". அடுத்த வசனத்துல "நான் படுத்துக்கொள்வேன்". ஓரத்துல கெரே, அதாவது வாசிப்புக் குறிப்பு, யோத்தை விட்டுட்டு வாசிக்கச் சொல்லுது. ஆசிரியர் அதை வாசிச்சிட்டுத் தாண்டிப் போயிட்டார். எனக்குத் தாண்ட முடியலை. அனுப்புற கிழவியே இருட்டுல களத்துக்கு நடக்கிற மாதிரி இருந்தது.

கடலோரன்:
கதை கட்டாதீங்க. அது முன்னிலைப் பெண்பாலின் பழைய விகுதி, -தி. எரேமியா 2:33 கெதீவிலும் (எழுதியிருக்கும் வடிவத்திலும்) அதே யோத் உண்டு. அரபியில் இன்றைக்கும் ஒரு பெண்ணிடம் "எழுதினாய்" என்றால் கதப்தி. நகோமி வீட்டில்தான் இருக்கிறாள்.

என்னைப் பிடித்தது ரூத் 1:14. வய்யிக்தோலாக, அதாவது கதையை நகர்த்தும் தொடர்வினைகளாக ஓடி வருகிறது: அழுதார்கள், இன்னொரு மருமகள் ஓர்பாள் முத்தமிட்டாள். அடுத்தும் வினைதான் முன்னால் வரும் என்று பார்த்தால், "வெரூத்" என்று பெயர் வந்து நிற்கிறது: அவள் மாமியாரை விடவில்லை. ஓட்டம் அங்கேயே அறுந்துவிட்டது. "ஆனால்" என்று ஒரு சொல் கிடையாது. நூலகத்தில் சத்தமாக வாசித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் முறைத்தார்.

நடுப்பக்கம்:
வய்யிக்தோல் நம்ம வினையெச்சம்தானே? எழுந்து, போய், பார்த்து... எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

பழைய மாணவி:
இல்லை தம்பி. வினையெச்சம் திணை, பால், இடம் எதுவும் காட்டாது; வய்யிக்தோல் ஒவ்வொன்றும் முற்று. யோனா 1:15 பாருங்கள். எடுத்தார்கள், எறிந்தார்கள், கடல் நின்றது. மூன்றும் வய்யிக்தோல். "எறிந்து கடல் நின்றது" என்று தமிழில் எழுதிவிட முடியுமா?

என் கதை சின்னது. ஆதியாகமம் 12:8, ஆபிராம் கூடாரம் போடுகிறான், "வய்யேத்". வேரெழுத்தில் கண்ணுக்குத் தெரிவது தேத் என்ற எழுத்து மட்டும். சாயங்காலம் முழுக்க அகராதியைப் புரட்டினேன். முதலில் நூன், கடைசியில் ஹே, இரண்டும் விழுந்துபோய் நடுவில் இருந்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வரிக்கு வரி பொருள் போட்ட பதிப்பைக் கையால் தொடாதீர்கள். வினையைப் பிரிக்க உட்காரும் முன் வசனத்தின் பெரிய நிறுத்தக் குறியான அத்னாஹ் எங்கே என்று பார்த்து வசனத்தை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். பிடிபி (பிரௌன்-டிரைவர்-பிரிக்ஸ்) எபிரேய அகராதி 1906-ல் வந்தது. சொற்களை வேர் வாரியாக அடுக்கியிருக்கும். பலிபீடத்தை மேம் எழுத்தில் தேடினால் விளக்கம் கிடைக்காது, "அறுத்துப் பலியிடு" என்ற வேருக்குப் போக வேண்டும். திட்டிக்கொண்டே பழகுங்கள், வேர் மனதில் தங்கும். ரூத், யோனா, பிறகு யோசேப்பு கதை. சாமுவேலில் மூலமே பல இடங்களில் சிதைந்திருக்கிறது, அவசரப்பட வேண்டாம். யோபு பக்கம் இப்போதைக்குப் போகவே போகாதீர்கள். தினமும் வாய்விட்டு வாசியுங்கள்.

நடுப்பக்கம்:
நான் ஒரு வரிதான் கேட்டேன் அக்கா 🙂

வைகைக்கரை:
கடலோரன், விகுதி பழசுன்னே வச்சுக்குவோம். அது ஏன் நகோமி வாயில வருது? 3:18-லயும் அவ வினையோட கடைசியில பழைய நூன் (ன்) சேர்த்துத்தான் பேசுறா. களத்துக்காரர் போவாஸும் 2:8-ல "தித்பாகீன்"கிறார். ரூத் மாமியார்கிட்ட 1:16-ல பேசுறப்ப "தெல்கி", "தாலீனி", வழக்கமான வடிவம்தான். 2:21-ல அவ வாயில நூன் வருது, ஆனா அது போவாஸ் சொன்னதைத் திருப்பிச் சொல்றது. பெரியவங்க பேச்சு வேற மாதிரி கேக்கணும்னே எழுதியிருக்காங்கன்னு தோணுது.

கடலோரன்:
அதே 2:8-ல் போவாஸ் "தஅவூரி" என்றும் சொல்கிறார், நூன் இல்லாமல். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.